இடது குழாயில் இருந்த துணி

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் உன் நலம், மருமகள் நலம், குழந்தையின் படிப்பு என்று விசாரித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். அதனால் இந்த முறை சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் அப்பா, உன் அப்புச்சி, இறந்த அன்று, பல்லடம் தாண்டி நம் கார் நடுவழியில் நின்றதே, அது உன் கையால் நேர்ந்த தவறு அல்ல. என்னால் நேர்ந்தது. அது எனக்குப் பத்தே நாளில் தெரிந்துவிட்டது. பதினாறு வருடமாகத் தெரியும்.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லாமல் ஏன் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். உன்மீது அந்தப் பழி விழுந்தது சாவு வீட்டில், நூறு பேர் நடுவில். அதை நான் உறைக்குள் ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பினால் பாதிதான் திருப்பித் தந்ததாகும். உன் பெயரை எழுதவில்லை. படிக்க வேண்டிய சொந்தக்காரர்களுக்கு இது யார் என்று புரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். வெளிநாட்டுப் பனியன் கம்பெனி வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த வார வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறோம் என்றாய். கடைசியில், ஏதோ மறந்ததை ஞாபகப்படுத்துவது போல, "அந்த வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுருங்கப்பா. சும்மா நின்னு இடத்த அடைச்சுட்டு இருக்குது. நான் இனி அதத் தொடப் போறதில்லீங்க" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ மெதுவாகச் சொன்னாய். நான் வழக்கம்போல "சரி தம்பி" என்றேன். போனை வைத்த பிறகு நம் வீட்டு ஷெட்டில் போய் அந்தக் காரின் பின்பக்கம் ஒரு மணை போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவன். கம்பெனிக்காரர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பார்கள். எத்தனை கிராம் எந்தச் சாயம், எத்தனை உப்பு, எத்தனை நிமிடம் என்று அட்டையில் எழுதி, ஒவ்வொரு வரியாக டிக் போட்டு, அதே நிறத்தைக் கொண்டுவர வேண்டும். அட்டையில் இல்லாத எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. கெமிஸ்ட்ரி படித்த படிப்பும் இந்தப் பழக்கமும் சேர்ந்து, எழுதி வைத்து டிக் போட்டுவிட்டால் தவறு நேராது என்று என்னை நம்ப வைத்துவிட்டன. உள்ளுக்குள் எப்போதும் பயந்துகொண்டே இருப்பவனுக்கு அந்த டிக் ஒரு கைப்பிடி மாதிரி. உனக்கு அது தேவைப்பட்டதில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு நீ வீட்டிலிருந்த நாட்களில், நம் தெருவில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எதில் ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்வாய். திருப்பூர் நல்லூரிலேயே, நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் காலியாகக் கிடந்த ஷெட்டில் ஒர்க்‌ஷாப் போடுவதாகப் பேச்சு. உன் அம்மா அதைப் பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அப்போதுதான் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வர ஆரம்பித்தது. டிஃபரன்ஷியலில் பேரிங் போய்விட்டது, நாமே கழற்றி மாற்றலாம் என்றாய். படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய காரில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு இரும்புக் கூடு தொங்கும். எஞ்சினின் சுற்று நீளமான ஒரு தண்டு வழியாக அதற்குள் வந்து, இடமும் வலமுமாகப் பிரிந்து இரண்டு சக்கரங்களுக்கும் போகும். கூட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் சக்கரத்தைச் சுற்றும் ஒரு தண்டு. அதைத்தான் ஆக்சில் என்பது. கூட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உள் சக்கரம் குறைவாகவும் சுற்ற அதுதான் இடம் கொடுக்கிறது.

நான் ஒரு புத்தகத்தைப் பார்த்து முப்பத்தொரு வரியில் பட்டியல் எழுதினேன். நீ சிரித்தாய். "அப்பா, இது வண்டிங்கப்பா. சாயத் தொட்டி இல்ல." ஆனாலும் எனக்காக ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்தாய். முன் சக்கரத்துக்குக் கல் வைத்தாய். பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினாய். கியர் ஆயிலை வடித்தாய். சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் கழற்றி, இரண்டு ஆக்சிலையும் உருவினாய். நீளத் தண்டைப் பிரிக்கும் முன் அது எப்படிப் பொருந்தியிருந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாய். அது என் பட்டியலில் இல்லாதது. கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்தபடி டிஃபரன்ஷியலின் கனத்தை அப்படியே நெஞ்சில் வாங்கினாய். மிச்ச ஆயில் உன் கைலி முழுக்க வழிந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து உன் அம்மா, "அந்தக் கைலிய நான் தொவைக்க மாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன்" என்று கத்தினாள். "தொவைக்க வேண்டாமுங்கம்மா, சட்டம் போட்டு மாட்டி வெச்சுருங்க" என்றாய் நீ. அன்றுதான் நாம் மூன்று பேரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தோம். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

நீ அதை மூட்டை கட்டி, புது பேரிங் போட டவுனுக்குக் கொண்டுபோனாய். கூடு வாயைத் திறந்தபடி தொங்கியது. நம் தெருவைப் பற்றித்தான் தெரியுமே. பஸ் கிளப்பும் புழுதி ஒரு பக்கம், நிட்டிங் கூடத்திலிருந்து பறந்து வரும் பஞ்சு ஒரு பக்கம். தூசி உள்ளே போய்விடுமே என்று எனக்குக் கவலை. திருப்பூரில் எந்த வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு கோணிப் பை நிறையக் கட்டிங் வேஸ்ட், பனியன் வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணி, இருக்கும். அடுப்புத் துடைக்க, சைக்கிள் துடைக்க, எலிப் பொந்தை அடைக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். அதிலிருந்து இரண்டு துண்டு எடுத்து, கூட்டுக்குள் கைவிட்டு, இரண்டு குழாய் வாயிலும் ஒவ்வொன்றாகத் திணித்தேன். நல்ல யோசனை என்று எனக்கே என்மேல் திருப்தி. பட்டியலில் எழுத நினைத்தேன். கையெல்லாம் ஆயில், அப்புறம் எழுதலாம் என்று விட்டேன். உன்னிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நீ பூட்டத் தொடங்கும்போது வலது குழாய்த் துணியை நான்தான் எடுத்தேன். இடது பக்கம் கைவைக்கப் போகும் நேரத்தில் உன் அம்மா போனோடு வாசலுக்கு வந்தாள். நான் எழுந்து அவளிடம் போனேன். பேசியது உன் மாமா. "அப்பனுக்கு நெம்ப முடியலையாம். என்னையவே கேக்கறாராம். ஏனுங்க, நான் பஸ்ல போறேனுங்க" என்றாள். கையில் பை தயாராக இருந்தது. நீ அடியிலிருந்து தலையை நீட்டி, "இருங்கம்மா. இன்னும் ஒரு மணி நேரம். நானே கொண்டுபோய் வாசல்ல எறக்கி உடறேன்" என்றாய். அவளும் சரி என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது, இரண்டு துணியையும் எடுத்துவிட்டதாகவே என் மனதில் பதிந்திருந்தது. நீ டிஃபரன்ஷியலைத் தூக்கி உள்ளே பொருத்தினாய். நட்டுகளை எதிரெதிராக முடுக்கினாய். நான் பட்டியலைப் படித்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன்.

வலது ஆக்சில் வழுக்கிக்கொண்டு போனது. இடது ஆக்சிலைத் தள்ளும்போது நீ நிறுத்தினாய். இந்த இடத்தைத்தான் நான் பதினாறு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அப்பா, கொஞ்சம் டைட்டாப் போகுதுங்க. மறுபடி எறக்கிப் பாத்துரலாமுங்களா?" என்று கேட்டாய். நான் துணியை நினைக்கவில்லை, தம்பி. சத்தியமாக நினைக்கவில்லை. பட்டியலைப் பார்த்தேன். எல்லா வரியிலும் டிக் இருந்தது. படியில் உன் அம்மா பையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "புதுசாப் பூட்டுனா அப்படித்தான் இருக்கும். தள்ளு" என்றேன். வாழ்நாளில் ஒரு ஆக்சிலைக்கூடத் தொட்டிராத நான் சொன்னேன். நீ ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு தள்ளினாய்.

பல்லடம் முக்கில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முட்டிக்கொண்டிருந்தன. அதைத் தாண்டும்போதே கருகிய வாசம் வந்தது. கோழிப் பண்ணைகள் தொடங்கும் இடத்தில் ஒரு கூச்சல் போலச் சத்தம் கேட்டது. இடது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ஓரத்துக்கு இழுத்துப் போய் நின்றது. நெய்த துணியாக இருந்தால் பல்லில் பட்டுக் கிழிந்து போயிருக்கும். பனியன் துணி கிழியாது. இழுபட்டு, முறுக்கிக்கொண்டு, கயிறாகச் சுற்றிக்கொள்ளும். இது எனக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். முட்டை ஏற்றிப் போன ஒரு வேன்காரர் நிறுத்தி, "ஏறுங்கம்மா. மடியில ரெண்டு தட்டு வெச்சுக்கங்க. ஒடஞ்சா ஒடையுது" என்றார். உன் அம்மா ஏறினாள். போகும் முன் உன்னைப் பார்த்துச் சொன்னாள். "பஸ்ல போயிருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்." அவ்வளவுதான்.

அவள் போய்ச் சேருவதற்குக் கால் மணி நேரம் முன்பு அப்புச்சியின் உயிர் போயிருந்தது. நாம் இருவரும் பின்னால் போய் இறங்கியபோது உன் மாமா வாசலிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பன் வாசலையே பாத்துட்டுக் கெடந்தாருடா. புள்ள வந்துட்டாளா, புள்ள வந்துட்டாளான்னு. தெரியாத வேலைய எதுக்குடா தொட்டே? என்ற தங்கச்சிய நடுரோட்டுல நிறுத்திப்புட்டியேடா." நீ "அப்பாதான் தள்ளச் சொன்னாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாய். நானும் பக்கத்தில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அன்று எனக்கும் காரணம் தெரியாது. அதோடு முடிந்திருந்தால், அறியாமல் செய்த பிழை என்று என்னை நானே மன்னித்திருப்பேன்.

பத்தாம் நாள், நீ இன்னும் மாமா ஊரிலேயே காரியங்களில் இருந்தாய். வண்டியை இழுத்துப் போட்டிருந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் ஒரு குச்சியில் கறுத்த கயிறு ஒன்றை மாட்டித் தூக்கிக் காட்டினார். "ஏனுங்க சார், டாக்டருங்கதான் வயித்துல துணிய மறந்து வெச்சுத் தெச்சுருவாங்கன்னு சொல்லுவாங்க. உங்க வண்டிக்கும் ஆபரேசன் ஆச்சுங்களா? யாருங்க பூட்டுனது?" நான் "பையன்" என்றேன். "சின்ன வயசு. மறந்திருப்பாப்புல. உடுங்க" என்றார். நான் "ஆமாங்க" என்றேன்.

அந்தக் கயிற்றை வாங்கி மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே கரி. உள் மடிப்பில் விரல் நகம் அளவுக்கு வெளிர் நீலம் மிச்சமிருந்தது. குழந்தைகள் பனியனுக்காக நான் ஏழு முறை போட்டு, ஏழாவது முறை ஒத்துக்கொள்ளப்பட்ட நீலம் அது. உலகத்தில் எத்தனையோ நீலம் இருக்கிறது. அந்த ஒரு நீலம் எனக்குத் தெரியாதா? அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீயும் அம்மாவும் வந்த பிறகு, "பேரிங் சரியா உக்காரலையாம்" என்றேன். பேரிங்கை உட்கார வைத்தது நீ.

ஏன் சொல்லவில்லை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் நூறு காரணம் சொல்லியிருப்பேன். உன் அம்மாவின் முகம் அந்த வாரம் இருந்த இருப்பு. காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு தீபாவளி முடியட்டும் என்று நினைத்தேன். உனக்கு ஒரு வேலை அமையட்டும் என்று நினைத்தேன். உண்மையில் ஒரே காரணம்தான். பயம். அவள் உன்னை அந்த வேன் படியிலிருந்து பார்த்த மாதிரி என்னையும் பார்ப்பாளே என்ற பயம். அந்தப் பார்வையை நீ வாங்கிக்கொண்டாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. ஒர்க்‌ஷாப் ஷெட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். நீ கம்பெனியில் புரொடக்‌ஷன் வேலைக்குப் போனாய். வண்டி சரியாகி வந்த பிறகு, பழநிக்குக் கிளம்பும்போது உன் அம்மா, "அவன் கழட்டிப் பூட்டுன வண்டியிலயா போறோம்?" என்று ஒருமுறை கேட்டாள். வேறு எதையும் மனதில் வைத்து அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டாள். நீ பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வந்தாய். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று முறை போய்ப் பார்க்க ஆரம்பித்தாய். அது என்னுடைய பழக்கம், தம்பி. உனக்கு இருந்ததில்லை. போன வருடம் குழந்தையின் சைக்கிளில் செயின் கழன்றபோது, நீ அதைத் தெருக்கோடிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாய். ஒரு சைக்கிள் செயின். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நெஞ்சில் வாங்கி டிஃபரன்ஷியலை இறக்கிய கைகள் அவை.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாய். "ஏனுங்க, அன்னைக்கு அவன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. பையன் வேணுமின்னா பண்ணுனான்? நீங்க சொல்லுங்க அவங்கிட்ட, அம்மா மறந்துட்டாள்னு" என்றாள். மன்னிக்க எதுவுமே இல்லாத உன்னை அவள் மன்னித்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு அதைவிட வேறு நேரம் எனக்கு யார் தருவார்கள்? நான் போர்வையைச் சரிசெய்து, "கொஞ்ச நேரம் தூங்கு" என்றேன். அவள் தூங்கினாள். அவள் சொல்லச் சொன்னதையும் உன்னிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமே. அவள் உன்னைப் பிழை செய்தவனாகவே நினைத்துக்கொண்டு போய்விட்டாள். இதை மட்டும் யாராலும் கழற்றிப் பூட்ட முடியாது.

திங்கட்கிழமை உன் மாமாவுக்குப் போன் செய்தேன். முதலில் அவரிடம் சொல்லிப் பார்த்தால் எனக்குத் தைரியம் வரும் என்று ஒரு கணக்கு. முழுவதும் கேட்டார். பிறகு, "மாப்பிள்ளை, இத அவங்கிட்டச் சொல்லீட்டீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றேன். "அப்பறம் எனக்கு எதுக்குச் சொல்றீங்க? இந்தக் கெழவனுக்குச் சொல்லி என்ன ஆகோணும்? பையன் அடுத்த வாரம் வெள்ளிக்கெழம பிளேன் ஏறறான். வைங்க போன." வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். அழுதிருந்தார் போல. "அந்தப் பேச்ச நான் பேசியிருக்கக் கூடாதுங்க மாப்பிள்ளை" என்றார். அதையும் இங்கே எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு தகப்பனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் குழந்தையின் முன்னால் நீ ஏதாவது தவறு செய்துவிட்டால், அந்த மணி நேரத்திலேயே ஒப்புக்கொண்டுவிடு. அதுவும் ஒரு நட்டு மாதிரிதான், முதல் நாள் விரலால் திருகினாலே கழலும். நாள் ஆக ஆகத் துருவேறி, கடைசியில் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம், உன்னைவிடப் படித்தவர், உன்னைவிட மூத்தவர், கையில் பட்டியல் வைத்திருப்பவர் யார் சொன்னாலும், உன் கை ஒன்றைச் சொன்னால் கையைக் கேள். அன்று உன் கை சரியாகத்தான் சொன்னது.

வண்டியை நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. நாலு நாளாக, காலை வெயில் ஏறும் முன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு சக்கரத்துக்கு ஒரு நாள் ஆனது. உன்னைப் போல நெஞ்சில் வாங்க முடியாது. ஜாக்கியின் மேல் பலகை வைத்து டிஃபரன்ஷியலை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். நீளத் தண்டைப் பிரிக்கும் முன் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். இப்போது அது கழுவித் துடைத்து ஒரு சாக்கின் மேல் இருக்கிறது. கூட்டை பாலிதீன் பையால் வெளியிலிருந்து மூடிக் கட்டியிருக்கிறேன். குழாய்களுக்குள் எதுவும் இல்லை. டார்ச் அடித்து இரண்டையும் பார்த்தேன். நீல மடிப்புள்ள அந்தக் கறுத்த கயிறு பெஞ்சின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. இத்தனை வருடம் என் சாயக் கார்டுகள் இருந்த டப்பாவுக்குள் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வராவிட்டால் அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது. இரும்புக்காரர் வந்து இரண்டு துண்டாக எடுத்துப் போகட்டும். வந்தால், இந்த முறை நான் பட்டியல் வைத்துக்கொள்ள மாட்டேன். டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆக்சிலை நீ தள்ளு. கொஞ்சம் டைட்டாகப் போகிறது என்று நீ சொன்னால், எல்லாவற்றையும் மறுபடி இறக்கிப் பார்த்துவிடலாம் என்று நான் சொல்கிறேன்.

அப்பா